கரண்டக்கா தராத வாக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த கரண்டக்காவின் காலில் சலூன்காரர் விழப்போனார். நல்லவேளை, நடுவில் ஒரு வெங்காயக் கூடை இருந்தது.

"என்னங்க இது, எழுந்திருங்க முதல்ல," என்று அவள் பதறிப் பின்வாங்கினாள்.

"நீங்க செஞ்சதுக்கு இதெல்லாம் போதாதுக்கா. முந்தாநாள் நடுராத்திரியில எழுந்து எங்க வீட்டுக்காரிகிட்ட அவ்வளவு நேரம் பேசியிருக்கீங்க. எத்தனையோ நாள் கழிச்சு நேத்துதான் அவ சிரிச்ச முகமா இருந்தா. குழந்தைக்கு நாளைக்கு வச்சிருந்த ஆபரேஷன் வேண்டாம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டு வந்துட்டோம். இன்னிக்குச் சாயங்காலம் வரலைன்னா படுக்கை வேற குழந்தைக்குன்னாங்க, போகட்டும்னுட்டோம்."

கரண்டக்கா தக்காளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் சொல்லும் ராத்திரியில் அவள் முதுகுவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடித்துப் போட்டாற்போல் தூங்கினவள். யாரிடமும் பேசவில்லை.

"நான் என்ன சொன்னேன்?"

"என்னக்கா, மறந்துட்டீங்களா? கத்தி படாமலே குழந்தை நல்லாயிடுமான்னு அவ கேட்டா. கண்டிப்பா சரியாயிடும், கவலைப்படாதீங்கன்னு சொன்னீங்க. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா, என் காதால கேட்டேன். உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

தக்காளி அவள் கையிலேயே நசுங்கிவிட்டது. கடைக்காரர் முறைத்தார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இந்த மனுஷி யாரென்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தக்காளி நசுங்கினதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். பகலெல்லாம் அவளுக்கு மின்சார ஆபீஸின் புகார் பிரிவில் வேலை. காதில் ஹெட்போன், எதிரே ஒரு தடுப்புப் பலகை, அந்தப் பலகையில் என்ன பேச வேண்டும் என்று அச்சடித்து ஒட்டிய ஒரு தாள். கரண்டு போனவன் எல்லாம் அவளைத்தான் திட்டுவான். ஏதோ அவளே அவன் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி. அவளும் தாளில் இருப்பதைப் படிப்பாள். "கவலைப்படாதீங்க. லைன்மேன் கிளம்பிட்டார். கண்டிப்பா சரியாயிடும்." லைன்மேன் அப்போது டீக்கடையில் இருப்பார், அல்லது லீவில் இருப்பார். சில பேட்டைகளுக்கு லைன்மேனே கிடையாது. சம்பளம் கொடுக்கிறவன் சொல்லச் சொல்கிறான், சொல்லித் தொலைக்க வேண்டியதுதான் என்று இருந்தாள்.

சாயங்காலம் ஆனால் வேறு போன். தெருக்கோடியில் இருக்கும் பிரார்த்தனை மண்டபத்துக்கு ஒரு நம்பர் உண்டு. மனசு சரியில்லாதவர்கள் அதில் கூப்பிடலாம். அந்த அழைப்பெல்லாம் இவள் செல்போனுக்கு வரும். டிவியில் பகல் முழுக்க எது ஓடுகிறதோ அது சாயங்காலம் இவள் காதுக்கு வந்துவிடும். எங்கோ சண்டை என்றால் அங்கே வேலைக்குப் போன பிள்ளையின் அம்மா. ஆலை மூடுகிறார்கள் என்றால் ஆலையில் வேலை பார்க்கிறவர். புதுக் காய்ச்சல் என்றால் ஊரே. கரண்டுக்கும் இவள்தான், கடவுளுக்கும் இவள்தான் என்று யாரோ கிண்டலாக வைத்த பெயர் கரண்டக்கா. அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்தப் போனில் அவளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. வாக்குக் கொடுக்க மாட்டாள். நோயாளியின் பெயரைக் கேட்பாள், இன்றைக்கு என்ன சாப்பிட்டார், தூங்கினாரா என்று கேட்பாள், அப்புறம் பேசாமல் இருப்பாள். அந்தப் பக்கம் மூச்சு கேட்கும், இந்தப் பக்கம் மூச்சு கேட்கும், அதுதான் அவள் பிரார்த்தனை. "நல்லாயிடுமாக்கா?" என்று எவ்வளவு கெஞ்சினாலும் "அது எனக்குத் தெரியாதும்மா, நான் லைன்ல இருக்கேன்" என்றுதான் பதில். அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மண்டபத்தில் இருந்து வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் "கண்டிப்பா எழுந்து வருவார்" என்றார்கள். அதை நம்பி அவருக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். செருப்பு மட்டும்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அன்றோடு அந்த வார்த்தைமேல் அவளுக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. கடவுள்மேல் கோபம் இல்லை. கடவுள் சார்பில் வாய்க்கு வந்ததை அளந்துவிடுகிறவர்கள்மேல்தான். கடவுள் என்ன லைன்மேனா, கிளம்பிட்டார்னு சொல்ல?

கொஞ்ச நாளாக அந்தப் போன் அடிக்கவே இல்லை. "லைன் ரிப்பேர் அண்ணி, நீங்களும் ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும்," என்று மண்டபத்துச் செயலாளர் சொல்லியிருந்தார். செயலாளர் வேறு யாருமில்லை, அவள் கொழுந்தனார்தான். புருஷன் போன பிறகு மின்சார ஆபீஸில் அவளுக்கு வேலை வாங்கித் தந்தவர், அங்கே புகார் பிரிவுக்கு மேற்பார்வையாளர், இங்கே மண்டபத்துக்குச் செயலாளர். பகலிலும் சாயங்காலத்திலும் அவள் தலைக்குமேல் அவர்தான்.

காய்கறிக் கடை வாசலில் நின்றபடியே அவள் மண்டபத்து நம்பரைத் தன் போனில் அடித்தாள். இரண்டு தடவை மணி அடித்ததும் எடுக்கப்பட்டது.

"வணக்கம். நான் கரண்டக்கா பேசறேன். சொல்லுங்கம்மா, என்ன கஷ்டம்?"

அவள் குரல். தொண்டையில் எப்போதும் இருக்கும் அந்தக் கரகரப்புகூட அப்படியே. சொந்தக் குரல் வெளியிலிருந்து வந்து நலம் விசாரித்தால் எப்படி இருக்கும்? கரண்டக்கா போனைத் துண்டித்தாள். காய்கறிப் பையோடு நேரே மண்டபத்துக்கு நடந்தாள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்திருந்தார்கள். கொழுந்தனார் அலுவலக அறையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மனுஷன் அசரவில்லை. பெருமையாகவே ஆரம்பித்தார்.

"உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நினைச்சேன் அண்ணி. ஆண்டு விழாவுல சொல்லலாம்னு. இப்ப ராத்திரி பகல்னு இல்லாம யார் எப்ப கூப்பிட்டாலும் உங்க குரலைக் கத்துக்கிட்ட ஒரு மெஷின் பேசும். ஒரே நேரத்துல நூறு பேர்கிட்ட பேசும். வெளியூர்ல இருக்கிற மண்டபமெல்லாம் கேட்டு விசாரிக்குது."

"என்னைக் கேட்காமலா?"

"உங்க குரலுக்குப் பெருமைதானே அண்ணி."

"பெருமையை விடுங்க தம்பி. அது எப்படி 'கண்டிப்பா சரியாயிடும்'னு சொல்லுது? நான் அப்படி யார்கிட்டயும் சொன்னதே இல்லையே. அந்த வார்த்தையை அதுக்கு யார் கத்துக்கொடுத்தாங்க?"

கொழுந்தனார் ஒரு நாற்காலியைத் தூக்கினார், மறுபடி கீழே வைத்தார். "மண்டபத்துப் போன்ல எடுத்த ரெக்கார்டிங்ல பாதி சும்மாவே இருந்துச்சு அண்ணி. நீங்க பேசவே மாட்டேங்கறீங்க. மெஷினைச் செஞ்சு கொடுத்த பசங்க அந்தக் காலி இடத்தை எல்லாம் வெட்டிட்டாங்க. மீதி பத்தலை, இன்னும் பேச்சு வேணும்னாங்க. அதனால நம்ம ஆபீஸ் ரெக்கார்டிங்கை எடுத்துக் கொடுத்தேன். அது மலை மாதிரி கிடக்குதே. குரல் ஒண்ணுதானே?"

கரண்டக்கா பையைக் கீழே வைத்தாள். அப்படியானால் அது அவளேதான். தடுப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் பார்த்து, கரண்டு போனவனைச் சமாளிக்க அவள் வருஷக்கணக்காகச் சொன்ன அதே வார்த்தை. அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டுபோய், இதயத்தில் ஓட்டையோடு மூச்சு வாங்கும் ஒரு சின்னப் பெண்ணின் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். பேசாமல் இருந்ததை வெட்டிவிட்டார்கள். அதுதான் பிரார்த்தனை என்று அந்தப் பையன்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? இந்த மனுஷருக்கே தெரியவில்லையே, செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே.

"சலூன்காரர் பொண்ணுக்கு நாளைக்கு ஆபரேஷன். இது சொன்னதைக் கேட்டு வேண்டாம்னுட்டாங்க. அந்தப் பெரிய டாக்டர் எப்பவாவது ஒரு தடவைதான் இந்தப் பக்கம் வர்றார். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சேர்க்கலைன்னா அந்தப் படுக்கை வேற குழந்தைக்குப் போயிடும். இப்பவே அதை நிறுத்துங்க. நிறுத்திட்டு என்கூட வாங்க, அது மெஷின்னு நீங்களே வந்து சொல்லுங்க."

கொழுந்தனாரின் முகம் மாறியது. ஆள் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. குழந்தை விஷயம் கேட்டு அவருக்கும் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவருக்குக் குழந்தைக்கு முன்னால் மண்டபம் வந்து நின்றது.

"பக்குவமா எடுத்துச் சொல்லிக்கலாம் அண்ணி. டாக்டரை விட்டே பேசச் சொல்றேன். இப்ப போய் அது மெஷின்னு சொன்னா, இத்தனை நாள் பேசினவங்க எல்லாம் என்ன நினைப்பாங்க? மண்டபத்து மானம் போயிடும். அதோட ஆபீஸ் ரெக்கார்டிங்கை வெளிய கொடுத்தது தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும். எனக்குப் போனா உங்களுக்கும்தான். கொஞ்சம் யோசிங்க."

"யோசிச்சாச்சு," என்றாள் கரண்டக்கா. "உங்க மானத்தை எல்லாம் அந்தப் புள்ள நெஞ்சுமேல தூக்கி வைக்காதீங்க தம்பி. அது ஏற்கெனவே மூச்சு விட முடியாம கிடக்கு."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலிருந்து "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

சலூன்காரர் வீடு கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு பீரோ, மேலே உத்திரத்தில் ஒரு குருவிக் கூடு. அந்தப் பெண்ணைச் சிட்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், ஆனால் அது ஓடியாடி யாரும் பார்த்ததில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். உதடு எப்போதும் நாவல்பழம் தின்றாற்போல் இருக்கும்.

சலூன்காரர் மனைவி கரண்டக்காவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும் அதே கையை உதறினாள்.

"பொய் சொல்லாதீங்கக்கா. மெஷினாம் மெஷின். ஆஸ்பத்திரிக்காரங்க உங்களை அனுப்பி வச்சாங்களா?"

"அம்மா, நான் எப்பவாவது உனக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கேனா? எத்தனை மாசமா என்கிட்ட பேசற?"

"கொடுத்ததே இல்லை. அதனாலதானே நம்பினேன்." அவள் குரல் உடைந்தது. "வேற யாராவது சொல்லியிருந்தா காதுல போட்டுக்கவே மாட்டேன். எல்லாரும் சொல்றதுதானே அது. ஒருநாளும் சொல்லாத வாய் சொல்லுதே, கடவுளே சொல்ல வச்சிருக்கார்னு நினைச்சேன். இப்ப வந்து இல்லைங்கறீங்க. அன்னிக்குப் பேசினதும் இதே குரல், இப்ப பேசறதும் இதே குரல். நான் எதைக்கா நம்பறது?"

கரண்டக்கா போனை எடுத்தாள். தன் நேர்மையே இந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டுபோய்க் குழியில் தள்ளியிருக்கிறது. மண்டபத்து நம்பரை அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, போனைக் கட்டிலில் வைத்தாள்.

"வணக்கம். நான் கரண்டக்கா பேசறேன். சொல்லுங்கம்மா, என்ன கஷ்டம்?"

கரண்டக்கா உதட்டை இறுக மூடிக்கொண்டு சலூன்காரர் மனைவியையே பார்த்தாள். முதலில் வாயைத் திறந்தது சிட்டுதான். "பெரியம்மா வாய் அசையவே இல்லம்மா," என்றது மெதுவாக.

"லைன்ல இருக்கீங்களாம்மா? தயங்காம சொல்லுங்க," என்றது போன். இரண்டு நொடிகூட அதற்குப் பொறுக்கவில்லை.

கரண்டக்கா குனிந்தாள். இதைக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே நினைத்து வந்தவளில்லை. வாயில் தானாக வந்தது.

"என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். போனவர் திரும்பி வரலை. செத்துப்போயிட்டார். அவருக்குன்னு வாங்கின புதுச் செருப்பு இன்னும் வீட்டுல கிடக்கு. அவர் வந்து போட்டுக்குவாரா?"

"உங்க வலி எனக்குப் புரியுதும்மா. கவலைப்படாதீங்க. கண்டிப்பா வருவார். கண்டிப்பா சரியாயிடும்."

அவள் அழுதுவிட்டாள். இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. தன் குரலே தன்னிடம் வந்து, தனக்கே அந்தப் பொய்யைச் சொன்னதைக் கேட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சலூன்காரர்தான் கை நீட்டிப் போனை அணைத்தார்.

குருவி ஒன்று வந்து கூட்டில் உட்கார்ந்து, கூட்டம் பிடிக்காமல் பறந்து போனது. சலூன்காரர் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பெண்ணின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா," என்றாள். "ஆபரேஷன் பண்ணினா நல்லாயிடுவாளா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும். இப்போதே கிளம்பிவிடுவாள். ஒரே ஒரு வார்த்தை, அதுவும் நல்லதுக்கு. கரண்டக்காவுக்கு அது நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியாதும்மா. டாக்டருக்குத் தெரிஞ்ச அளவுகூட எனக்குத் தெரியாது. அவர் பண்ணணும்ங்கறார். பண்ணலைன்னா என்ன ஆகும்னு உன்கிட்ட சொல்லியிருக்கார். கடவுள் என்ன நினைச்சிருக்கார்னு என்கிட்ட சொல்லலை. உன்கூட இருக்கேன், அது மட்டும் என்னால முடியும்."

சலூன்காரர் மனைவி அவளை உற்றுப் பார்த்தாள். அப்புறம் தலையை ஆட்டினாள்.

"இது நீங்கதான்," என்றாள். எழுந்து பீரோவைத் திறந்து பெண்ணின் மாற்றுத் துணிகளை எடுக்க ஆரம்பித்தாள்.

படுக்கை நல்லவேளை இன்னும் கைமாறவில்லை. சிட்டுவைச் சேர்த்துவிட்டு, அன்று சாயங்காலமே கரண்டக்கா மண்டபத்து வாசலில் உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அந்த நம்பரில் பேசுவது நானில்லை என்று சொன்னாள். சிலர் நம்பினார்கள். சிலர் கொழுந்தனாரோடு குடும்பத் தகராறு போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெரியவர், "மெஷினா இருந்தா என்னம்மா, மனசுக்கு ஆறுதலா இருக்குதே," என்றார். "ஆறுதல் வேணும்னா ரேடியோ கேளுங்க, என் தொண்டையை எதுக்கு இரவல் வாங்கறீங்க?" என்றாள்.

திங்கட்கிழமை அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. கேட்டாள், கொழுந்தனார் தரவில்லை. "நேத்து பண்ணின கூத்துக்கு லீவு வேறயா?" என்றார். அவள் வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பலகையில் இருந்த தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"எங்க தெருவுல கரண்டு எப்ப வரும்?"

"தெரியலைங்க. உங்க பக்கத்து லைன்மேன் இன்னும் கிளம்பலை. கிளம்பினதும் நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

அந்தப் பக்கம் இருந்தவர் திட்டத் தயாராக இருந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிங்க, அப்ப நான் பாலை எடுத்துட்டுப் போய் மச்சினி வீட்டு ஃபிரிட்ஜ்ல வச்சுடறேன்," என்று சொல்லி வைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு வசவும் இல்லாமல் முடிந்த முதல் புகார் அதுதான்.

கொழுந்தனார் தன் மேஜையில் இருந்து எல்லாவற்றையும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார். அதே நேரம் அவள் மடியில் இருந்த செல்போன் அதிர்ந்தது. அந்த அறையில் சொந்தப் போனை எடுக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவரே பின்னால் நிற்கிறார். கரண்டக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அக்கா, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க," என்றது சலூன்காரர் மனைவியின் குரல். "கதவைச் சாத்திட்டாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். லைன்ல மட்டும் இருங்க."

"இருக்கேன்," என்றாள் கரண்டக்கா.

அப்புறம் பேச்சில்லை. அந்தப் பக்கம் மூச்சு, எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் தேயும் சத்தம், யாரோ இருமுவது. மேஜையில் காத்திருக்கும் புகார் அழைப்புகளின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிய ஆரம்பித்தன. பக்கத்து இருக்கைப் பெண் இவளையும் பார்த்தாள், மேற்பார்வையாளரையும் பார்த்தாள், பிறகு எட்டி இவள் விளக்கில் ஒன்றைத் தன் பக்கம் மாற்றி எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, போனை வைங்க," என்றார் கொழுந்தனார், தாழ்ந்த குரலில். "எல்லாரும் பார்க்கறாங்க. இது கடைசித் தடவை, சொல்லிட்டேன். ஒண்ணுமே பேசாம சும்மா வச்சுக்கிட்டு இருக்கிற போனுக்கா வேலையை விடப்போறீங்க?"

அவர் போனை வாங்கக் கையை நீட்டினார். கரண்டக்கா நாற்காலியைச் சுழற்றி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, போனைக் காதோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.